பெட்ரோல் காலத்து நீர்மூழ்கிகள்: சோதனையைப் பேட்டரித் தொட்டியிலிருந்து தொடங்குங்கள்

இருபதாம் நூற்றாண்டின் முதல் பதினைந்து ஆண்டுகளில் கட்டிய ஒரு நீர்மூழ்கிக் கப்பலைச் சோதிக்கப் போகிறவரின் கண் முதலில் வெளித்தகட்டின் மேல்தான் விழும். துரு அங்கேதான் பளிச்சென்று தெரிகிறது. சுத்தியலால் தட்டினால் செதில் செதிலாகக் கொட்டுகிறது. ஆனால் அந்தக் காலத்து விபத்துகளை வரிசையாக எடுத்துப் பாருங்கள். பேட்டரிக்கு அடியில் அமிலம் தின்ற இடம், பெட்ரோல் கசிந்த ஓர் இணைப்பு, காற்றுக் குழாயை மூட வேண்டிய ஒரு சங்கிலி என்று, ஆட்களைக் கொன்றவை பெரும்பாலும் கைக்கும் கண்ணுக்கும் எட்டாத சின்னச் சமாச்சாரங்கள். சோதனையின் வரிசையும் அதற்குத் தகுந்தபடி இருக்க வேண்டும். உள்ளேயிருந்து, அதுவும் அடியிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே இங்கே சொல்ல வருவது.

அளவு பிடிபடுவதற்காகப் பிரிட்டிஷ் கடற்படையின் முதல் நீர்மூழ்கியான ஹாலண்ட் 1-ஐ எடுத்துக்கொள்வோம். 1901 அக்டோபரில் பாரோ-இன்-ஃபர்னஸில் தண்ணீரில் இறக்கினார்கள். நீளம் 19 மீட்டரைச் சற்றுத் தாண்டும். மேலே மிதக்கும்போது 105 டன், மூழ்கினால் 122 டன். 160 குதிரைத்திறன் பெட்ரோல் எஞ்சின், 74 குதிரைத்திறன் மின் மோட்டார், 60 செல் கொண்ட ஈய-அமில பேட்டரி, எட்டுப் பேர். எஞ்சின், பேட்டரி, டார்பிடோக் குழாய், ஆட்கள் எல்லாம் தடுப்புச் சுவர் இல்லாத ஒரே அறையில். ஓரிடத்தில் கிளம்பிய வாயு முழுக் கப்பலுக்கும் உரியது. ஓரிடத்தில் புகுந்த தண்ணீரும் அப்படித்தான்.

பேட்டரிக்கு அடியில்

1915 மார்ச் 25 அன்று அமெரிக்கக் கடற்படையின் எஃப்-4 ஹொனலூலு துறைமுகத்துக்கு வெளியே மூழ்கியது. மேலே வரவில்லை. 21 பேர் இறந்தார்கள். 90 மீட்டருக்கும் அதிக ஆழத்தில் கிடந்த அதை அடைய ஃபிராங்க் கிரில்லி 304 அடி இறங்கினார். அந்தக் காலத்து மூழ்கு உடையில் அது யாரும் நினைத்துப் பார்க்காத ஆழம். வடங்களைக் கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஆழம் குறைந்த இடத்துக்கு இழுத்து வந்து, ஆறு மிதவைத் தொட்டிகளைக் கட்டி, ஆகஸ்ட் 29 அன்று மேலே கொண்டுவந்தார்கள். விசாரணைக் குழு கணித்த காரணம் இது: பேட்டரித் தொட்டியின் ஈய உறை அரித்துப் போயிருந்தது, அந்த வழியாகக் கடல்நீர் பேட்டரி அறைக்குள் கசிந்தது, அதனால் மூழ்கிய நிலையில் கப்பல் கட்டுப்பாட்டை இழந்தது.

இது எப்படி நடக்கிறது என்று விளங்கிக்கொண்டால்தான் எங்கே தேடுவது என்று தெரியும். எஃகுத் தொட்டிக்குள் ஈயத் தகட்டை விரித்து, அதன் மேல் செல்களை வைத்து, தேக்கு ஆப்புகளால் இறுக்கியிருப்பார்கள். சார்ஜ் ஏறும்போது அமிலம் நுரைத்துத் தெறிக்கும். கடல் அலைந்தால் தளும்பும். ஈயத்தைக் கந்தக அமிலம் அவ்வளவாகத் தொடாது. ஆனால் ஈயத் தகட்டின் ஒட்டில் ஒரு மயிரிழை விரிசல் இருந்தால் போதும், அமிலம் பின்னால் போய் எஃகைத் தின்ன ஆரம்பிக்கும். தகடு மெலிவதற்கு முன்பே ரிவெட்டின் தலை போய்விடும். உள்ளேயிருந்து பார்த்தால் ஈயம் பளபளப்பாகத்தான் இருக்கும். வெளியே டாக்கில் (கப்பலை நிறுத்திப் பழுதுபார்க்கும் துறையில்) நின்று பார்த்தால் பெயின்டும் நன்றாகத்தான் இருக்கும். இரண்டுக்கும் நடுவில்தான் ஓட்டை.

எனவே செல்களைத் தூக்காமல் பேட்டரித் தொட்டியைச் சோதித்ததாகக் கையெழுத்துப் போடுவதில் அர்த்தமே இல்லை. சில செல்களை மட்டும் தூக்கிப் பார்ப்பதானால் மூலைகளில் உள்ளதையும், தொட்டியின் ஆகத் தாழ்ந்த இடத்தில் உள்ளதையும் தூக்குங்கள். அமிலம் தேங்குவது அங்கே. நடைபாதைக்குப் பக்கத்தில் எளிதாகக் கழற்ற வரும் செல் பெரும்பாலும் நல்ல நிலையில்தான் இருக்கும்.

செல்லைத் தொடும் முன் இரண்டு வேலை. முதலில் வாயு. செல் வோல்டேஜ் 2.4-ஐத் தாண்டிய பிறகு ஏறும் மின்சாரத்தில் பெரும்பகுதி தண்ணீரைப் பிரிப்பதற்கே போகிறது. ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் இப்படி வீணானால் ஒவ்வொரு செல்லும் சுமார் 0.42 லிட்டர் ஹைட்ரஜன் விடும். 60 செல், 100 ஆம்பியர், ஒரு மணி நேரம் என்றால் 2,500 லிட்டர். காற்றில் ஹைட்ரஜன் 4 சதவீதம் ஆனாலே தீப்பிடிக்கும். அந்த 2,500 லிட்டர் 63 கன மீட்டர் காற்றை அந்த நிலைக்குக் கொண்டுவரப் போதும். ஹாலண்ட் 1-இன் முழு உருவமே சுமார் 120 கன மீட்டர்தான். இயந்திரம், தொட்டிகள் போக மிஞ்சும் காற்று அதைவிட எவ்வளவோ குறைவு. ஆகவே சார்ஜ் முடிந்ததும் விசிறியை நிறுத்தக் கூடாது. செல்களுக்குள் குமிழி அடங்கும்வரை, அதற்குப் பிறகும் வெகு நேரம், ஓடவிடுங்கள். உறிஞ்சும் வாய் கூரையின் உயரமான மூலையில் இருக்க வேண்டும். தரைமட்டத்தில் வைத்த உறிஞ்சுகுழாய் ஹைட்ரஜனுக்கு உதவாது.

ஈய-அமிலத்தை விட்டு வேறு பேட்டரிக்குப் போனாலும் இந்த ஆபத்து போகாது. கடல்நீர் பட்டால் குளோரின் என்ற விஷவாயு வரும் தொல்லையிலிருந்து தப்பிக்கத்தான் அமெரிக்காவின் ஈ-2 கப்பலில் எடிசனின் நிக்கல்-இரும்பு பேட்டரியை வைத்தார்கள். 1916 ஜனவரி 15 அன்று புரூக்ளின் கடற்படைத் தளத்தில் பழுதுபார்ப்புக்காக நின்றிருந்தபோது ஹைட்ரஜன் வெடித்து ஆட்கள் இறந்தார்கள். இரும்புத் தட்டு சும்மா இருக்கும்போதும் ஹைட்ரஜன் விடும் குணம் உள்ளது. ஒரு விஷத்தை நீக்க வைத்த பேட்டரிக்கு அதற்குரிய காற்றோட்டத்தைத் தனியாகக் கணக்கிட வேண்டும்.

இரண்டாவது வேலை, கப்பலின் உடம்போடு மின்கசிவு இருக்கிறதா என்று பார்ப்பது. இதற்கு ஒரு வோல்ட்மீட்டரே போதும். பேட்டரியின் நேர்முனைக்கும் கப்பல் தகட்டுக்கும் நடுவே ஒரு அளவு எடுங்கள். எதிர்முனைக்கும் தகட்டுக்கும் நடுவே இன்னொன்று. மொத்த வோல்டேஜிலிருந்து இந்த இரண்டின் கூட்டுத்தொகையைக் கழித்து, அதை அதே கூட்டுத்தொகையால் வகுத்து, வோல்ட்மீட்டரின் உள்தடையால் பெருக்கினால் காப்புத் தடை கிடைக்கும். உதாரணமாக 120 வோல்ட் பேட்டரி. நேர்முனையிலிருந்து 20 வோல்ட், எதிர்முனையிலிருந்து 4 வோல்ட் காட்டுகிறது. மீட்டரின் உள்தடை 15,000 ஓம். 120-இல் 24 போனால் 96, 96-ஐ 24-ஆல் வகுத்தால் 4, 60,000 ஓம். இதே இரண்டு அளவு கசிவின் இடத்தையும் சொல்லிவிடும். 24-இல் 20 பங்கு நேர்முனைப் பக்கம் இருப்பதால், 60 செல்லில் நேர்முனையிலிருந்து எண்ணினால் 50-ஆவது செல்லுக்கு அருகில் அமிலம் வழிந்து தகட்டைத் தொட்டிருக்கிறது. அந்தச் செல்லைத் தூக்குங்கள். ஒரே இடத்தில் கசிந்தால்தான் இந்தக் கணக்கு நேராக வரும். இரண்டு மூன்று இடத்தில் கசிந்தால் நடுவில் ஒரு பொய் இடத்தைக் காட்டும். அங்கே எதுவும் கிடைக்காவிட்டால் வரிசையை இரண்டாகப் பிரித்துத் தனித்தனியாக அளக்க வேண்டும்.

செல்கள் போன பிறகு தொட்டியில் மிஞ்சும் அமிலத்தைச் சலவைச் சோடாவால் முறிக்க வேண்டும். ஒரு கிலோ கந்தக அமிலத்துக்கு நீரற்ற சோடாத்தூள் 1.1 கிலோ பிடிக்கும்; பெரிய பளிங்குக் கட்டியாக விற்கும் சலவைச் சோடா என்றால் அதில் பாதிக்கு மேல் தண்ணீர் இருப்பதால் ஏறக்குறைய 3 கிலோ. லிட்டருக்கு 100 கிராம் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, நுரை நிற்கும்வரை விடுங்கள். நுரைத்து வருவது கார்பன் டை ஆக்சைடு. ஒரு கிலோ அமிலத்துக்குச் சுமார் 230 லிட்டர் கிளம்பும். அது காற்றைவிடக் கனமானது. தொட்டிக்குள் குனிந்து தேய்த்துக்கொண்டிருக்கும் ஆளின் மூக்குமட்டத்தில்தான் தேங்கும். கீழே வரை இறங்கும் காற்றுக்குழாய் இல்லாமல் ஒருவரையும் உள்ளே இறக்காதீர்கள். மேலே ஒருவர் நின்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சோடாக் கரைசல் ஒரு சொட்டுக்கூடச் செல்லுக்குள் தெறிக்கக் கூடாது.

நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துக் காய்ந்த பிறகு ஈய உறையைப் பாருங்கள். கண்ணைவிடக் கை நம்பகமானது. உள்ளங்கையால் தடவிக்கொண்டே போனால் சில இடத்தில் ஈயம் லேசாக உப்பியிருப்பது தெரியும். எஃகு துருவானால் முன்பைவிட அதிக இடம் பிடிக்கும்; அதுதான் ஈயத்தைத் தள்ளுகிறது. மரச்சுத்தியலால் தட்டினால் அங்கே சத்தம் மந்தமாக வரும். ஒட்டுகளில் வெள்ளைத் தூள் படிந்திருந்தால் சுரண்டிவிட்டு, ஈரமாக்கிய நீல லிட்மஸ் தாளை வைத்து ஒரு நிமிடம் அழுத்துங்கள். கழுவிய பிறகும் சிவந்தால் அமிலம் பின்னாலிருந்து வருகிறது என்று பொருள். அந்த இடத்தில் உறையை வெட்டித் திறந்தே ஆக வேண்டும். மேலே ஒட்டுப்போடுவது நோயை உள்ளே வைத்து மூடுவதுதான்.

ஈயத்தை ஈயத்தாலேயே உருக்கி ஒட்ட வேண்டும். வெள்ளீயம் கலந்த சாதாரணப் பற்றை அமிலம் தின்றுவிடும். ஒட்டப்போகும் இரண்டு விளிம்பையும், ஒட்டும் ஈயப் பட்டையையும் சுரண்டிப் பளபளப்பாக்கிய உடனே ஒட்டுங்கள். சற்று ஆறப்போட்டால் மேலே படலம் படிந்து, மேற்பார்வைக்கு ஒட்டியது போல இருந்து பிறகு விடும். தீச்சுடர் வேலை என்பதால் பேட்டரி முழுவதும் கப்பலை விட்டு வெளியே போன பிறகே இதைத் தொடங்கலாம். முடிந்ததும் தொட்டியில் நல்ல தண்ணீரை நிரப்பி ஒரு நாள் விட்டு, வெளிப்பக்கத்தில் ரிவெட்டுகளைச் சுற்றிச் சுண்ணாம்புப் பூச்சு பூசிப் பாருங்கள். சிறு கசிவும் அதில் கறையாகக் காட்டிக்கொடுக்கும்.

செல்லைத் திரும்ப வைக்கும்போது ஒவ்வொன்றின் அமில அடர்த்தியையும் வெப்பநிலையையும் சேர்த்தே எழுதுங்கள். ஒரு டிகிரி செல்சியஸுக்கு 0.0007 வீதம் திருத்தம் உண்டு. 10 டிகிரி வித்தியாசத்தில் 1.250 என்பது 1.243 ஆகத் தெரியும். இந்தத் திருத்தம் செய்யாததால் நல்ல செல்லைக் கெட்டது என்று ஒதுக்கிவிடுவது சாதாரணமாக நடக்கிறது. குறைந்த மட்டத்தைக் காய்ச்சி வடித்த நீரால்தான் நிரப்ப வேண்டும், அமிலத்தால் அல்ல. பக்கத்தில் இருக்கும் செல்லைவிட ஒன்றில் மட்டும் மட்டம் மறுபடி மறுபடி இறங்கினால் அந்தச் செல்லின் எபோனைட் (கடின ரப்பர்) ஜாடி விரிசல் விட்டிருக்கிறது. நீங்கள் ஊற்றுவதெல்லாம் புதிய ஈய உறையின் மேல் போய்க்கொண்டிருக்கிறது.

பெட்ரோல்

பிரிட்டிஷ் ஏ வகைக் கப்பல்களின் வரலாற்றில் பாதி பெட்ரோல் ஆவியின் வரலாறு. 1905 பிப்ரவரி 16 அன்று அயர்லாந்தின் குயின்ஸ்டவுனில் ஏ5 வெடித்து ஆறு பேர் இறந்தார்கள். முதல் வெடிப்புக்குச் சற்று நேரம் கழித்து இரண்டாவது வெடிப்பும் நடந்தது. முதல் தீயில் எல்லா ஆவியும் எரிந்து தீர்ந்திருக்கும் என்று யாரும் நம்பி இறங்கக் கூடாது. கசியும் குழாய் கசிந்துகொண்டேதான் இருக்கும். காற்று உள்ளே போகப் போக, எரிய முடியாத அளவுக்குச் செறிந்திருந்த ஆவி எரியக்கூடிய கலவையாக மாறும்.

பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். காற்றில் 1.4 சதவீதத்திலிருந்து சுமார் 7.6 சதவீதம்வரை வெடிக்கும். ஹைட்ரஜன் கூரைக்கு ஏறும், இது அடித்தளக் குழிக்கு இறங்கும். ஒரே கப்பலில் இரண்டும் இருப்பதால் உறிஞ்சுகுழாய் மேலும் வேண்டும், கீழும் வேண்டும். கத்தி சுவிட்சைத் திறக்கும்போது பறக்கும் பொறி இந்த இரண்டில் எது கிடைத்தாலும் பற்றவைக்கும். காற்றோட்டம் முடியும்வரை உள்ளே எந்த சுவிட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. விசிறியின் மோட்டார்கூட வெளியேயிருந்து ஓடட்டும்.

குழாய்களில் திருகு இணைப்புகளை நம்பாதீர்கள். எஞ்சினின் அதிர்வில் மரை தளரும். பித்தளைப் பற்று வைத்த இணைப்பும், கழற்ற வேண்டிய இடத்தில் தோல் அல்லது நார் வாஷர் வைத்த விளிம்பு இணைப்பும் நிற்கும். ரப்பர் வாஷர் பெட்ரோலில் ஊறி உப்பிப் பிதுங்கிவிடும். தொட்டியைச் சோதிக்க முதலில் தண்ணீரை நிரப்பிக் காலி செய்து ஆவியை விரட்டிய பிறகு, சதுர சென்டிமீட்டருக்கு 0.15 கிலோ அளவில் காற்று கொடுத்துச் சோப்பு நீர் தடவுங்கள். அதற்கு மேல் கொடுத்தால் தட்டையான பக்கங்கள் உப்பி நல்ல ஒட்டும் விட்டுவிடும். எஞ்சினின் கார்பன் மோனாக்சைடு தனித் தொல்லை. அதற்கு வாசனையே கிடையாது. அந்தக் காலத்துக் கப்பல்களில் வெள்ளைச் சுண்டெலிகளைக் கூண்டில் வைத்துக்கொண்டு போனதற்கு இதுதான் காரணம்.

டீசல் வந்ததும் இந்தப் பாடம் முழுவதும் சுருங்கிவிட்டது. பிரான்ஸ் 1904-இலேயே எய்க்ரெட் கப்பலில் டீசல் வைத்தது. பிரிட்டன் 1908-இல் டி1-இல் வைத்தது.

மூடவேண்டியவை மூடுகின்றனவா

1910 ஏப்ரல் 15 அன்று ஹிரோஷிமா விரிகுடாவில் ஜப்பானின் 6-ஆம் எண் நீர்மூழ்கி, காற்றுக்குழாயை வெளியே நீட்டியபடி பெட்ரோல் எஞ்சினிலேயே மூழ்கி ஓடிப் பழகிக்கொண்டிருந்தது. அளவுக்கு மேல் ஆழம் போய்விட்டது. காற்றுக்குழாயின் ஸ்லூயிஸ் வால்வை (தகட்டை இறக்கி அடைக்கும் வால்வை) மூடப் போனபோது சங்கிலி அறுந்தது. கையால் மூடினார்கள், அதற்குள் பின்பகுதி நிறைந்துவிட்டது. 14 பேரும் இறந்தார்கள். இதெல்லாம் நமக்குத் தெரிவது தளபதி சகுமா ட்சுடோமு கடைசிவரை எழுதிவைத்த குறிப்பால்தான். மூச்சு முட்டிக்கொண்டிருந்தபோதும் என்ன பழுது, எந்த வரிசையில் நடந்தது என்று எழுதினார். பழுதுபார்ப்பவர்கள் அதைவிட மதிக்க வேண்டிய ஆவணம் இல்லை.

வால்வு சோதனை என்றால் வால்வின் இருக்கையை மட்டும் பார்த்துவிட்டு விடுகிறோம். கைச்சக்கரத்திலிருந்து வால்வு வரை உள்ள எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்: சங்கிலியின் ஒவ்வொரு கண்ணி, பல்சக்கரம், ஊசிகள், நீள்தண்டு, அதன் மடிப்பு இணைப்புகள். சங்கிலியைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, தரையில் நேராகப் போட்டு நீளத்தை அளந்து, புதியதன் நீளத்தோடு ஒப்பிடுங்கள். நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு நீண்டிருந்தால் ஊசிகள் தேய்ந்துவிட்டன; பல்லின் மேல் ஏறி நழுவும் அல்லது அறுபடும். பிறகு பளுவோடு சோதியுங்கள். உலர்ந்த டாக்கில் ஒரு விரலால் சுற்றும் வால்வு, தண்ணீர் பாய்ந்துகொண்டிருக்கும்போது இரண்டு ஆளுக்கும் அசையாமல் நிற்கலாம். சங்கிலி இல்லாமல் கையால் மட்டும் மூட எத்தனை சுற்று, எத்தனை விநாடி என்று அளந்து வால்வின் பக்கத்திலேயே எழுதிவையுங்கள். அந்த விநாடிகளுக்குள் எவ்வளவு தண்ணீர் உள்ளே வரும் என்பதைக் குழாயின் விட்டத்தை வைத்துக் கணக்கிடலாம். அந்த எடையைக் கப்பல் தாங்காது என்றால், அந்தக் குழாயைத் திறந்துவைத்து மூழ்கும் வழக்கத்தையே விட வேண்டும்.

கடல்வாய் வால்வுகள் வெண்கலத்தில் இருக்கும், கப்பலோ எஃகு. உப்புநீரில் இரண்டும் தொட்டுக்கொண்டிருந்தால் எஃகுதான் கரையும். வால்வைச் சுற்றி ஒரு விரற்கடை அகலத்தில் தகடு பள்ளமாவது அதனால். பக்கத்தில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துவது அதற்காகத்தான். பெயின்டர்கள் பழக்க தோஷத்தில் அந்தக் கட்டியின் மேலும் அடித்துவிடுவார்கள். அடித்தால் அது வெறும் எடை. பாதி கரைந்த துத்தநாகம் நல்ல அடையாளம், புதுசு மாதிரியே இருக்கும் துத்தநாகம் வேலை செய்யவில்லை என்று அடையாளம். போல்ட்டுகளில் பித்தளை இருந்தால் தலையைச் சுரண்டிப் பாருங்கள். மஞ்சளாக இருந்தால் சரி. செம்பு நிறத்தில் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் துத்தநாகம் வெளியேறி, பஞ்சு போன்ற செம்புதான் மிஞ்சியிருக்கிறது. ஸ்பானர் வைத்ததும் ஒடியும். மாற்றாகச் செம்பு 88, வெள்ளீயம் 10, துத்தநாகம் 2 என்ற பீரங்கி வெண்கலம் பாதுகாப்பானது.

சிறு துளைகளைப் பற்றிச் சொல்லும்போது காலத்தால் சற்றுப் பிந்திய ஒரு கப்பலைச் சேர்க்காமல் இருக்க முடியாது. 1939 ஜூன் 1 அன்று லிவர்பூல் விரிகுடாவில் தெட்டிஸ் சோதனை ஓட்டத்தில் மூழ்கி 99 பேர் இறந்தார்கள். டார்பிடோக் குழாயின் உள்கதவில் ஒரு சோதனைக் குழாய்முனை உண்டு. அதைத் திறந்தால், குழாயில் தண்ணீர் இருந்தால் பீறிடும். இல்லையென்றால் கதவைத் திறக்கலாம். 5-ஆம் குழாயில் அந்தத் துளையைக் குழாயின் உட்புறம் பூசிய தார் எனாமல் அடைத்திருந்தது. ஒரு சொட்டும் வரவில்லை. வெளிமூடி திறந்திருந்தது தெரியாமல் உள்கதவைத் திறந்தார்கள். துளையைக் குத்திச் சுத்தம் செய்ய ஒரு ஊசி அந்த முனையோடே வைக்கப்பட்டிருந்தது. அதை யாரும் பயன்படுத்தவில்லை. பெயின்ட் வேலை முடிந்த ஒவ்வொரு கப்பலிலும் எல்லாச் சோதனைத் துளை, வடிகால் துளை, ஆழமானியின் துளை ஆகியவற்றில் கம்பியை விட்டு எடுத்து, பிறகு தண்ணீரையோ காற்றையோ உள்ளே அனுப்பி, வெளியே வருவதைக் கண்ணால் பார்த்த பிறகே பதிவில் குறிக்க வேண்டும். ‘ஒன்றும் வரவில்லை’ என்பதை ‘ஒன்றும் இல்லை’ என்று படிக்கும் உரிமை, துளை திறந்திருக்கிறது என்று நிரூபித்தவருக்கு மட்டுமே உண்டு.

தகடும் ரிவெட்டும்

வெளித்தகடு கடைசியில் வந்தாலும் அதை அலட்சியப்படுத்தச் சொல்லவில்லை. தகடு மெலிவதில் ஒரு மோசமான கணக்கு இருக்கிறது. வெளியிலிருந்து தண்ணீர் அழுத்தும் கப்பலின் உருளை, அதை உள்ளிருந்து தாங்கும் இரண்டு விலாச்சட்டங்களுக்கு நடுவில் நெளிந்து உள்வாங்கும் அழுத்தம், தகட்டுக் கனத்தின் சுமார் 2.5-ஆம் அடுக்குக்கு (power) ஏற்ப மாறுகிறது. 11 மி.மீ. தகடு 7 மி.மீ. ஆனால் கனம் மூன்றில் ஒரு பங்குதான் போயிருக்கிறது. தாங்கும் அழுத்தமோ மூன்றில் ஒரு பங்காகவே விழுந்துவிடும். வட்டம் கோணியிருந்தால் இன்னும் மோசம். அதனால் கனத்தோடு சேர்த்து, விலாச்சட்டங்களின் வட்டத்தையும் அச்சுப்பலகை வைத்துப் பாருங்கள்.

கனம் அளக்க இன்று மீயொலிக் கருவி இருக்கிறது. ஆனால் அந்தக் காலத்து எஃகில் கசடு படலம் படலமாக நடுவில் சிக்கியிருக்கும். எதிரொலி அங்கிருந்தே திரும்பி வந்து, நல்ல 11 மி.மீ. தகட்டை 5 என்று காட்டும். சந்தேகமான இடத்தில் 6 மி.மீ. துளை போட்டு நேரடியாக அளந்துவிட்டு, மரை வெட்டித் திருகாணி வைத்து அடைக்கும் பழைய முறைதான் தீர்ப்புச் சொல்லும். எங்கே துளை போடுவது? நீர்க்கோடு, பேட்டரிக்கு அடி, எஞ்சினுக்கு அடியில் எண்ணெயும் உப்புநீரும் கலந்து நிற்கும் குழி, அடிப்பாரமாக வைத்த ஈயக் கட்டிகளுக்குக் கீழே, மேல்தளத்துக்கும் உருளைக்கும் நடுவில் ஈரம் காயாத இடுக்கு.

ரிவெட்டைச் சோதிக்க ஒரு பக்கம் விரல்நுனியை ரிவெட்டும் தகடும் சேரும் இடத்தில் வைத்து, மறுபக்கம் சிறு சுத்தியலால் தட்டச் சொல்லுங்கள். இறுகிய ரிவெட்டில் விரலுக்கு ஒன்றும் தெரியாது. தளர்ந்ததில் மெல்லிய துடிப்பு தெரியும். தளர்ந்ததைத் துளையிட்டு எடுத்து, துளையைச் சீராக்கி, ஒரு அளவு பெரிய ரிவெட்டைப் பழுக்கக் காய்ச்சி அடிக்க வேண்டும். அடித்த அதிர்ச்சியில் பக்கத்து ரிவெட்டுகள் தளரும், ஆகவே இருபக்கமும் நான்கைந்தை மறுபடி தட்டிப் பாருங்கள். வெல்டிங் வைத்துச் சுலபமாக முடிக்கலாம் என்ற ஆசை வரும். கந்தகமும் பாஸ்பரஸும் மிகுந்த அந்த எஃகில் வெல்டிங்கின் ஓரம் விரிசல் விடும்; சூட்டில் சுற்றியுள்ள ரிவெட்டுகளும் இளகும். என்னைக் கேட்டால் ரிவெட் இட்ட தகட்டில் வெல்டிங் வேண்டவே வேண்டாம்.

ஹாலண்ட் வகையில் பிரதான நீர்த்தொட்டிகள் அழுத்த உருளைக்கு உள்ளேயே இருப்பதை மறக்கக் கூடாது. கடல்வாய் திறந்து தொட்டி நிறைந்த நிலையில், ஆழத்தின் முழு அழுத்தமும் தொட்டியின் தட்டையான மேல்தகட்டைத் தள்ளுகிறது. உருளை வடிவத்தின் பலம் தட்டைத் தகட்டுக்கு இல்லை. எனவே ஒவ்வொரு தொட்டியையும் தண்ணீர் நிரப்பிக் கைப்பம்பால் இயங்கும் ஆழத்தைப் போல ஒன்றரை மடங்கு அழுத்தத்துக்கு ஏற்றி அரை மணி நேரம் நிறுத்துங்கள். 30 மீட்டர் ஆழத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 3.1 கிலோ, ஒன்றரை மடங்கு 4.6 கிலோ. காற்று துளிகூட உள்ளே தங்கக் கூடாது. தண்ணீர் மட்டும் இருந்தால் தகடு விட்டதும் அழுத்தம் அந்த நொடியே விழும். காற்று சிக்கியிருந்தால் வெடிக்கும்.

மூழ்கும் முன்

எல்லாம் மூடிய பிறகு கப்பல் முழுவதற்கும் காற்றுச் சோதனை. உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி 20 மில்லிபார் குறைத்து, காற்றழுத்தமானியைப் பார்த்துக்கொண்டிருங்கள். உள்ளே காற்று இருக்கும் இடம் 60 கன மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 10 நிமிடத்தில் ஒரு மில்லிபார் ஏறினால் நிமிடத்துக்குச் சுமார் 6 லிட்டர் உள்ளே வருகிறது. கிட்டத்தட்ட 2 மி.மீ. விட்டமுள்ள ஒரு துளை. அதே துளை 30 மீட்டர் ஆழத்தில் மணிக்குச் சுமார் 150 லிட்டர் தண்ணீர் விடும். வெப்பநிலையைக் கூடவே எழுத வேண்டும், ஏனென்றால் ஒரு டிகிரி மாறினாலே மானி 3.5 மில்லிபார் நகரும்; மேகம் விலகி வெயில் விழுந்தால் இல்லாத கசிவு தெரியும், மாலையில் குளிர்ந்தால் இருக்கும் கசிவு மறையும். இந்தச் சோதனை மேல்மூடிகளைக் கீழ்நோக்கி இழுத்து இறுக்குவதால் அவற்றின் ரப்பர் குறையை மறைத்துவிடும் என்பதும் நினைவிருக்கட்டும். மூடிகளுக்குத் தனியாக, உட்புறம் சிறிது காற்றழுத்தம் ஏற்றி, வெளியே சோப்பு நீர் தடவிப் பாருங்கள். மெழுகுவர்த்திச் சுடரை வைத்துக் கசிவு தேடும் பழைய வழக்கம் பெட்ரோல் கப்பலுக்குள் நுழையவே கூடாது.

கடைசியாக எடை. டாக்கில் இருந்த நாளெல்லாம் கப்பலை விட்டு இறங்கியது, ஏறியது ஒவ்வொன்றையும் நிறுத்து, நடுப்புள்ளியிலிருந்து எத்தனை மீட்டர் முன்னே, எத்தனை மீட்டர் பின்னே என்பதோடு எழுதியிருக்க வேண்டும். புதிய செல் பழையதைவிட 10 கிலோ கூடுதல் என்றால் 60 செல்லுக்கு 600 கிலோ. மாற்றிய ஈய உறை, கூடுதல் பெயின்ட், அடித்தளத்தில் மறந்துவிட்ட சங்கிலிக் கட்டு எல்லாம் சேரும். முதல் மூழ்கலை டாக் குளத்திலேயே, வடம் கட்டி, தரை தட்டினாலும் கோபுரம் வெளியே தெரியும் ஆழத்தில் வைத்துக்கொள்ளுங்கள். குளத்து நீரின் அடர்த்தியை ஹைட்ரோமீட்டரால் அளக்க மறக்காதீர்கள். நல்ல தண்ணீரில் சரியாக எடை பார்த்த 122 டன் கப்பல் கடலுக்குப் போனால் மூழ்குவதற்கு இன்னும் 3 டன் நீர் கேட்கும். கடலில் எடை பார்த்துவிட்டு ஆற்று முகத்துவாரத்துக்கு வந்தால் அதே 3 டன் கூடுதல் கனமாக நேரே அடிக்கு இழுக்கும். அங்கே முதலில் வெளியேற்ற வேண்டிய துணைத் தொட்டி எது, அதன் பம்பு அந்த 3 டன்னை எத்தனை நிமிடத்தில் தள்ளும் என்பதைக் குளத்தில் இருக்கும்போதே கடிகாரம் வைத்து அளந்துவிடுங்கள்.